கொண்டைக்கடலைப் புரதம்: அந்த மேல்தண்ணியைக் கொட்டிடாதீங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு கொண்டைக்கடலையில இருந்து புரதத்தைப் பிரிச்சு, ஜெல்லுல ஓட்டி (மின்சாரம் பாய்ச்சி அளவு வாரியா பிரிச்சு) பார்க்கற வரைக்கும் போகப்போறோம்.

முதல்ல மாவு. தோல் நீக்கிட்டு அரைங்க. தோல்ல இருக்கற டானின் புரதத்தைப் பிடிச்சுக்கும், கரைசலும் பழுப்படிச்சிடும். பொட்டுக்கடலை வேண்டவே வேண்டாம், அது வறுத்தது. சூட்டுல உருக்குலைஞ்ச புரதம் சரியா கரையாது. அதே காரணத்துக்காக மிக்ஸியையும் விட்டு விட்டுத்தான் ஓட்டணும். 60 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு 60 ஓட்டை) சல்லடையில சலிச்சுக்கோங்க.

பச்சைப்பயறுல கொழுப்பு ரொம்பக் கம்மி, அப்படியே எடுத்துக்கலாம். கொண்டைக்கடலையில 5, 6 சதவீதம் இருக்கு, கொழுப்பைக் கரைக்கற ஹெக்ஸேன்ல கழுவியே ஆகணும். 1 பங்கு மாவுக்கு 5 பங்கு ஹெக்ஸேன், ஃப்யூம் ஹூடுக்குள்ள (ஆவியை வெளிய இழுக்கற பெட்டி). கழுவின மாவை ராத்திரி முழுக்க ஹூடுலயே காய விடுங்க. ஓவன்ல வெச்சீங்கன்னா ஆவி தீப்பிடிக்கும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

இப்ப 10 கிராம் மாவுக்கு 100 மில்லி தண்ணி. 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டா விட்டு பிஹெச் 9-க்குக் கொண்டு வாங்க, ஒரு மணி நேரம் ஸ்டிர்ரர்ல சுத்தட்டும். புரதம் கரையக் கரைய பிஹெச் இறங்கும். கால் மணிக்கு ஒரு தடவை பார்த்து ஏத்தி விடணும். ஈல்டு குறையறதுக்கு இந்த அலட்சியமே பெரிய காரணம். ஆனா நிறைய வரட்டும்னு 11, 12-க்குப் போகாதீங்க. லைசினோஅலனின்ங்கற வேண்டாத சேர்மம் உருவாகும், லைசின், சிஸ்டைன்ங்கற அமினோ அமிலங்கள் வீணாகும்.

8,000 ஜி-யில (புவியீர்ப்பு மாதிரி 8,000 மடங்கு விசை) 20 நிமிஷம் சென்ட்ரிஃபியூஜ். ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) எழுதாதீங்க, ரோட்டர் மாறினா அந்த எண்ணுக்கு அர்த்தமில்ல. அடியில தங்கறது ஸ்டார்ச்சும் நாரும். தெளிவை எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவா விட்டு பிஹெச் 4.5-க்கு இறக்குங்க. பால் திரியற மாதிரி திரியும். கை தவறி 3-க்குக் கீழ போனா திரிஞ்சது திரும்பவும் கரைய ஆரம்பிக்கும்.

மறுபடி சென்ட்ரிஃபியூஜ் பண்ணா கீழ குளோபுலின் (உப்புத்தண்ணியில கரையற புரதம்), மேல மஞ்சள் தண்ணி. இந்தத் தண்ணியை சிங்க்ல கொட்டறதைப் பார்த்தா மனசு பதறுது. அதுலதான் ஆல்புமின் (வெறும் தண்ணியில கரையற புரதம்) இருக்கு. எதுல கரையுதுங்கறதை வெச்சு விதைப் புரதங்களைப் பிரிச்சவர் தாமஸ் ஆஸ்பர்ன். அந்தக் கணக்குல கொண்டைக்கடலையில பெரும்பங்கு குளோபுலின்தான், ஆனா அதுல மெத்தியோனினும் சிஸ்டைனும் குறைவு. பருப்பு வகைக்கே உள்ள குறை அது. அந்தக் கந்தக அமினோ அமிலங்கள் அதிகமா இருக்கறது ஆல்புமின்ல. தண்ணியைக் கொட்டிட்டு "இந்த ரகத்துல மெத்தியோனின் கம்மி"ன்னு எழுதினா அது ரகத்தோட குறையா, உங்க முறையோட குறையா?

அதனால அந்தத் தண்ணியை டயாலிசிஸ் (சவ்வுக் குழாய்ல கட்டி உப்பை வெளியேத்தறது) போடுங்க, 4 டிகிரியில, ஒரு நாள், மூணு தடவை தண்ணி மாத்தி. டியூப் 3.5 கிலோடால்டன் (மூலக்கூறு எடையோட அலகு) கட்-ஆஃப் வாங்குங்க, அதைவிடச் சின்னதுதான் வெளிய போகும். லேப்ல வழக்கமா கிடக்கற 12–14 சரிப்படாது. பவ்மன்–பிர்க் டிரிப்சின் தடுப்பான் வெறும் 8 கிலோடால்டன் அளவுதான், ஓட்டை வழியா போயிடும். சிஸ்டைன் நிறைய உள்ள புரதமே அதுதான்.

அடுத்து ஜெல். குளோபுலினுக்கு 12 சதவீத அக்ரிலமைடு ஜெல், ஒரு லேனுக்கு (ஜெல்லுல ஒரு வரிசை) 10–20 மைக்ரோகிராம், 95 டிகிரியில 5 நிமிஷம். டைசல்ஃபைட் பிணைப்பை (ரெண்டு கந்தகத்தைக் கோக்கற பிணைப்பு) உடைக்கற பீட்டா-மெர்காப்டோஎத்தனால் சேர்த்தும் சேர்க்காமலும் பக்கத்துப் பக்கத்துல ஓட்டுங்க. சேர்க்காத லேன்ல 60 கிலோடால்டன் கிட்ட நிக்கற லெகுமின்ங்கற குளோபுலின், சேர்த்ததுல 40, 20-ன்னு ரெண்டா உடையும். 50 கிட்ட இருக்கற விசிலின்ங்கற இன்னொரு குளோபுலின்ல டைசல்ஃபைட் பிணைப்பு இல்ல, அசையாது. சேர்த்தும் 60 உடையலைன்னா உங்க மெர்காப்டோஎத்தனால் பழசாயிடுச்சு. ஆல்புமினுக்கு டிரைசின் ஜெல் போடுங்க, 12-ல சின்னப் புரதம் சாயத்தோடயே ஓடிடும்.

கடைசியா, நைட்ரஜனை அளந்து, ஒரு காரணியால பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடற கெல்டால் முறை. அதுல நைட்ரஜன் 3.5 சதவீதம் வந்துச்சுன்னு வைங்க. 6.25-ஆல பெருக்கினா புரதம் 21.9, 5.4-ஆல பெருக்கினா 18.9. பருப்புக்கு 6.25 அதிகம்தான், ஆனா பழைய தரவெல்லாம் அதுலதான் இருக்கு. அதனால எந்தக் காரணி போட்டீங்கன்னு அட்டவணைக்குக் கீழயே எழுதிடுங்க.