ஹாண்டிலை உயர்த்த முதல் பிரேக் ஹோஸைப் பாருங்க

(திரையில்: டபுள் ஸ்டாண்டில நிக்கிற மோட்டார் சைக்கிள். கமரா ஹாண்டில் நடுவில இருக்கிற நாலு போல்ட்டுக்குக் கிட்டப் போகுது.)

வணக்கம். இந்த நாலு போல்ட்டையும் கழட்டி, ரைசரை, அதாவது ஹாண்டிலை உயர்த்துற துண்டை வைச்சு, திரும்ப இறுக்கப் பத்து நிமிஷம் போதும். அதோட வேலை முடிஞ்சுது எண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போறவங்கதான் கன பேர். உண்மையில ஹாண்டில் உயர்த்துற வேலை இந்த நாலு போல்ட்டில இல்லை. ஹாண்டிலில இருந்து கீழ இறங்குற கேபிள்களிலயும், பிரேக் எண்ணெய் போற குழாயான பிரேக் ஹோஸிலயும்தான் இருக்கு.

முதல்ல, உங்களுக்கு இது தேவையா எண்டு பார்ப்பம். திருகோணமலையில இருந்து கந்தளாய்க்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்க போய் இறங்கேக்க உள்ளங்கை விறைச்சு, தோள்மூட்டு இறுகி, கழுத்தடி நோகுதெண்டா, உடம்புப் பாரம் கையில விழுது எண்டு அர்த்தம். அதுக்கு ரைசர் உதவும். நோவு நாரியிலயோ வால் எலும்பிலயோ எண்டா ரைசர் போட வேண்டாம், நோவு கூடத்தான் செய்யும். நிமிர்ந்து இருந்தா கையில இருந்த பாரமும் சீட்டுக்குத்தான் இறங்கும், பள்ளத்தில விழுற அடியும் நேரா முதுகுக்கு ஏறும். அப்படியானவங்க பார்க்க வேண்டியது சீட் குஷனையும் பின் ஷொக்கையும்.

காசு செலவில்லாம ஒண்டு செய்து பாருங்க. நாலு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி, ஹாண்டிலை உங்கட பக்கம் சில பாகை உருட்டி இறுக்குங்க. பிறகு கிளட்ச், பிரேக் லீவர்களைச் சரிப்படுத்துங்க: விரல் நீட்டினா முன்கையும் விரலும் ஒரே கோட்டில இருக்க வேணும், மணிக்கட்டு மடியக் கூடாது. சில பேருக்கு இதோடயே நோவு நிண்டுடும்.

நிக்கேல்லையெண்டா அளவெடுக்கலாம். ஒருத்தர் பைக்கை ரெண்டு சில்லிலயும் நேரா நிமிர்த்திப் பிடிக்கட்டும். நீங்க வழமை போல ஏறி இருந்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, முழங்கையைக் கொஞ்சம் மடிச்சு, கை தானா எங்க நிக்குதோ அங்க முஷ்டியைப் பிடிங்க. இன்னொருத்தர் கிரிப்பில இருந்து முஷ்டி வரைக்கும் உயரத்தையும், உங்கட பக்கமா எவ்வளவு பின்னுக்கு எண்டதையும் ஸ்கேல் வைச்சு அளக்கட்டும். 50 எண்டு நினைச்ச ஆளுக்கு அளந்தா 20, 25 மில்லிமீட்டர்தான் வரும்.

(திரையில்: பக்கவாட்டுப் படம். ஃபோர்க் சாய்வுக்கு ஒரு கோடு.)

இங்க ஒரு நல்ல விஷயம் இருக்கு. ஃபோர்க், அதாவது முன் சில்லைப் பிடிச்சிருக்கிற ரெண்டு குழாய், நேரா நிக்கிறதில்லை, சாதாரண ரோட் பைக்கில 25, 26 பாகை பின்னுக்குச் சாய்ஞ்சிருக்கும். ரைசர் அந்தச் சாய்வு வழியாத்தான் ஏறுது. 25 மில்லிமீட்டர் ரைசர் போட்டா ஹாண்டில் 22, 23 மில்லிமீட்டர் உயரும், ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் உங்களுக்குக் கிட்ட வரும். எட்டிப் பிடிக்கிற தூரம் குறையுறதுதான் பாதிச் சுகம். அதால முதல் தடவை 25க்கு மேல போகாதீங்க.

ரைசர் ரெண்டு வகை. ஒண்டு, ஹாண்டிலைப் பிடிக்கிற கீழ் கிளாம்ப்புக்கு மேல உட்கார்ந்து, தன்ர புதுக் கிளாம்ப்பில ஹாண்டிலைப் பிடிக்கிறது. மற்றது, கீழ் கிளாம்ப்புக்கு அடியில வைக்கிற உருளைத் துண்டு, நீள போல்ட் கீழ இருந்து வரும். ரெண்டாவதில ரப்பர் புஷ்ஷும் வாஷரும் எந்த வரிசையில வந்துதோ அதே வரிசையில திரும்பப் போக வேணும். கழட்ட முதல் போனில ஒரு படம் எடுங்க. ஹாண்டில் பைப் 22 மில்லிமீட்டரா, 28.6 மில்லிமீட்டரா எண்டும் வேர்னியர் அளவுகோல் வைச்சுப் பார்த்திட்டு வாங்குங்க. பல்சர் 220, ஆர்15 மாதிரி ரெண்டு துண்டு ஹாண்டில் உள்ளதுக்கு இந்த ரைசர் சரிவராது. அதுக்கு ஃபோர்க் பைப்பின்ர விட்டத்துக்குப் பொருந்துற உயர்ந்த ஹாண்டில் சோடி தேவை.

பைப்பை வெட்டி இடையில துண்டு வைச்சு வெல்டிங் அடிக்கிறதை மட்டும் ஒருத்தரும் செய்ய வேண்டாம். வெல்டிங் ஓரத்திலதான் வெடிப்புத் தொடங்கும், கிரிப்பும் ரப்பரும் அதை மறைச்சிருக்கும், ஒரு நாள் பிரேக் பிடிக்கேக்க முறியும்.

இப்ப போல்ட். பழைய போல்ட் 35 மில்லிமீட்டர், ரைசர் 25 எண்டா, புதுசு 60 இருக்க வேணும். 8 மில்லிமீட்டர் போல்ட் அலுமினிய மரைக்குள்ள குறைஞ்சது 12 மில்லிமீட்டராவது இறங்க வேணும். அதுக்குக் குறைஞ்சா இறுக்கேக்க மரை போயிடும். தலையில 8.8 எண்டு பலத் தரம் அடிச்சிருக்கிறதைத்தான் வாங்குங்க. ஹாட்வெயார் கடையில பளபளக்கிற ஸ்டெயின்லெஸ் போல்ட் ஆசையைக் கிளப்பும். ஆனா எங்கட ஊரில உப்புக் காத்து. உப்பீரம் பட்ட இடத்தில ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேர்ந்தா அலுமினியம்தான் அரிபடும். வெள்ளைத் தூள் பூத்து, பிறகு கழட்டவே ஏலாது. மரையில விடுற பசையான நீல லொக்டைட் ஒரு சொட்டு விட்டு இறுக்கினா போல்ட்டும் தளராது, உப்பீரமும் மரைக்குள்ள போகாது.

உப்பு ஏறின பழைய போல்ட்டைக் கழட்டேக்க, முதல்ல தலைக் குழியில இருக்கிற மண்ணை ஊசியால கிண்டி எடுங்க. அலன் கீ அடி வரைக்கும் இறங்க வேணும். அரைகுறையா நிண்டா குழி வட்டமாகி, துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டி வரும்.

(திரையில்: பெற்றோல் டாங்கில தடிச்ச துணி. ஹாண்டிலைத் தூக்கி அதில வைக்கிறாங்க.)

பிரேக் எண்ணெய் டப்பா சரியாம பிடிச்சுக்கொண்டு ஹாண்டிலைத் தூக்குங்க. அந்த எண்ணெய் பெயின்டை உரிக்கும். பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

ரைசர் வைச்சு, போல்ட்டெல்லாம் கையால ஓட்டி, பிறகு மாறி மாறி இறுக்குங்க. கிளாம்ப்பில புள்ளி அடையாளம் இருந்தா அது முன்னுக்கு வரட்டும். அப்படியான கிளாம்ப்பில முதல் முன் போல்ட்டை முழுசா இறுக்கி, பிறகு பின் போல்ட். இடைவெளி பின்னுக்கு மட்டும் மிஞ்சும். அடையாளம் இல்லாததில ரெண்டு பக்கமும் இடைவெளி சமனா இருக்க வேணும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இறுக்கம் பொதுவா 22 நியூட்டன் மீட்டர் அளவில வரும். உங்கட பைக் கையேட்டில வேற இலக்கம் இருந்தா அதுதான் சரி.

இனித்தான் முக்கியமான கட்டம். டபுள் ஸ்டாண்டில நிக்க, ஒருத்தர் பின்பக்கத்தை அமத்தி முன் சில்லை நிலத்தில இருந்து தூக்கட்டும். ஃபோர்க் முழுசா நீளும். பிரேக் ஹோஸ் ஆகக் கூட இழுபடுறது அந்த நிலையிலதான். அப்படியே ஹாண்டிலை இடம், வலம் முழுசா திருப்பி, ஹோஸை ரெண்டு விரலால நசிச்சுப் பாருங்க. வளைஞ்சு குடுக்குதெண்டா சரி. கம்பி மாதிரி விறைச்சு நிண்டா, அந்த ரைசரோட ரோட்டுக்கு ஏறவே கூடாது. ஒரு பள்ளத்தில சில்லு இறங்கினா ஹோஸ் பொருத்து கசியும், முன் பிரேக் போகும்.

25 மில்லிமீட்டருக்கு ஹோஸ் கிளிப்பை மாத்தி, கேபிளை வேற வழியா விட்டா அனேகமாச் சமாளிக்கலாம். அதுக்கு மேல எண்டா நீள ஹோஸ் போடுங்க. பொருத்து ஒவ்வொண்டுக்கும் ரெண்டு புதுச் செப்பு வாஷர், எண்ணெய் டப்பா மூடியில போட்டிருக்கிற டொட் 3 அல்லது டொட் 4 எண்ணெய், காத்து முழுசா போகும் வரைக்கும் பிளீடிங். தேவைக்கு மேல நீளமான ஹோஸும் ஆபத்து, டயரில உரசும்.

அடுத்தது, நியூட்ரலில எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, திரும்பவும் இடம் வலம் திருப்புங்க. எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறினாலும் அக்சிலரேட்டர் கேபிள் இழுபடுது. வளைவில நீங்க முறுக்காமலே பைக் பாயும். கிளட்ச் லீவர் அடியில 2, 3 மில்லிமீட்டர் சும்மா ஆட வேணும். திருப்பேக்க அந்த ஆட்டம் இல்லாமப் போனா கிளட்ச் பாதி பிடிச்ச மாதிரி ஓடி, பிளேட் எரியும். லீவரும் சுவிட்சும் டாங்கில முட்டுதா எண்டதையும் பாருங்க. ஹாண்டில் கோணம் மாறியிருந்தா பிரேக் எண்ணெய் டப்பாவை மட்டமாக்குங்க.

ஹாண்டிலையே மாத்துறவங்களுக்கு ஒரு சொல். சுவிட்ச் பெட்டிக்குள்ள ஒரு சின்ன முளை இருக்கும், அது பைப்பில உள்ள ஓட்டையில உட்காரும். புது ஹாண்டிலில ஓட்டை இல்லையெண்டு முளையை அராவிப் போட்டா, சுவிட்ச் பெட்டி கையோட சுத்தி வயரை அறுக்கும். முளையின்ர அளவுக்கே சரியான இடத்தில ஓட்டை போடுங்க.

ஓடிப் பார்க்கேக்க முதல் வெறும் நிலத்தில மெதுவா எட்டுப் போடுங்க, பிறகு நிலாவெளி ரோட். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில 396 மீட்டர் கிண்ணியா பாலத்தில போனா வித்தியாசம் தெரியும். நிமிர்ந்த உடம்பில காத்து கூடப் பிடிக்கும், அதை ஹாண்டிலும் உணரும். வேகத்தைக் குறைச்சு, ஹாண்டிலை இறுகப் பிடிக்காம ஓடுங்க. பிரேக் பிடிக்கேக்க ஹாண்டில் முன்னுக்கு அசையுற மாதிரி இருந்தா, கிளாம்ப் அடி ரப்பர் தேஞ்சிருக்கு. ரைசரின்ர உயரம் நெம்புகோல் மாதிரி அந்த ரப்பரில கூடுதலா வேலை செய்யும். ரப்பரை மாத்துங்க.

100 கிலோமீட்டர் ஓடினதும் நாலு போல்ட்டையும் அதே இறுக்கத்துக்கு ஒருக்கா பாருங்க. கொஞ்சம் சுத்துதெண்டா, எல்லாத்தையும் கழட்டித் துடைச்சு, புதுசா லொக்டைட் விட்டு இறுக்குங்க.