தெகிவளைக்குப் போனால் எங்கள் காட்டு மிருகங்களைப் பாருங்கள்

வன்னி நேயர்களுக்கு வணக்கம்.

தவணை முடிந்தால் பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் புறப்பட்டுவிடும். பிள்ளைகள் இரவிரவாக ஓடிப்போய், ஒட்டகச்சிவிங்கிக்கும் சிங்கத்துக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். எடுக்கட்டும். ஆனால் கரடியும் யானையும் சிறுத்தையும் எங்கள் வயல் வரம்புவரை வந்து போகிறவை. ஆபத்தில்லாமல் அவற்றைக் கிட்ட நின்று பார்க்க அங்கேதான் வாய்க்கும். கதவு திறந்ததும் முதலில் அந்தப் பக்கம் போங்கள். வெயில் ஏறினால் சிறுத்தை படுத்துவிடும்.

கரடியின் வாயைக் கவனியுங்கள். மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டும் இராது. அந்த இடைவெளியால்தான் கறையானை உறிஞ்சுகிறது. மண் ஏறாமல் மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும். உறிஞ்சும் சத்தம் நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். தேனெடுக்கவும் விறகு வெட்டவும் போகிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்: புற்றுக்குள் மூக்கை விட்டிருக்கும் கரடிக்கு ஆள் வருவது தெரியாது. கிட்டப் போனதும் திடுக்கிட்டு எழுந்து முகத்தையும் தலையையும் கிழித்துவிடும். எல்லாம் பயத்தில். கதைத்துக்கொண்டு, தடியால் மரங்களில் தட்டிக்கொண்டு போனால் முன்னமே விலகிவிடும். பாலைப்பழக் காலத்தில் மரத்துக்கு மேலேயும் ஒரு கண் இருக்கட்டும்.

யானையில் பார்க்க வேண்டியது கால். முன்கால் அடி வட்டம், பின்கால் அடி நீள்வட்டம். முன்கால் தடத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். வயலில் கிடக்கும் தடம் சுற்றளவு 1.3 மீற்றர் என்றால் யானை 2.6 மீற்றர், அனேகமாக வளர்ந்த ஆண். சேற்றில் அளக்காதீர்கள், கால் வழுக்கி விரிந்து கணக்குக் கூடிவிடும். ஈரமணல் நல்லது. சில யானைகள் நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஆடுது என்று கை தட்டுவார்கள். ஆசிரியர்மாரும் சேர்ந்து தட்டுவதுதான் கவலை. அடைபட்டுக் கிடக்கிறதால் வந்த பழக்கம் அது. சிறுத்தை கூட்டுக்குள் ஒரே கோட்டில் போய்ப் போய் வருவதும் அப்படித்தான்.

சிறுத்தை நடக்கும்போது நகம் உள்ளே இழுபட்டிருக்கும்; தடத்தில் நகக்குறி விழாது. நாயின் தடத்தில் விழும். கன்றைக் காணவில்லை என்றதும் சிறுத்தையில் பழி போடுமுன் இதைப் பாருங்கள். புள்ளிக்கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு, இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல் இராது. அதனால்தான் கணக்கெடுப்பவர்கள் பாதையின் இரு பக்கமும் கமெரா கட்டுகிறார்கள்.

2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை தாக்கிப் பலர் காயப்பட்டார்கள். சனம் கூடிச் சிறுத்தையை அடித்தே கொன்றது. ஓட வழியில்லாத சிறுத்தை ஆளில்தான் பாயும். காட்டுப்பக்கம் அது ஓட வழி விட்டு விலகி நில்லுங்கள்.

பன்றிக்குக் கட்டும் கம்பிச் சுருக்கு இன்னும் மோசம். சிறுத்தையின் இடுப்பில் இறுகினால் வெளியே காயம் சின்னதாகத் தெரியும், உள்ளே சிறுநீரகம் போயிருக்கக்கூடும். அவிழ்த்து விட்டாலும் சில நாளில் செத்துவிடக்கூடும். சுருக்கில் மாட்டியதைக் கண்டால் நீங்களாகக் கம்பியை வெட்டப் போகாதீர்கள், மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கவேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அடியுங்கள். அவர்கள் வரும்வரை நாய்களைக் கட்டிவைத்து, சனத்தை விலக்கி, சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.