மடக்கின குடை

(வாசகர் வட்டத்தின் சித்திரை மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, இந்தக் கூட்டத்துக்குத் தேநீரும் சுண்டலும் கொடுத்து உதவிய அரிசி மண்டி முதலாளி அவர்களே, என்னோடு முப்பது ஆண்டு சுண்ணாம்புக்கட்டி பிடித்த தமிழாசிரியப் பெருமக்களே, மின்விசிறிக்கு நேர் கீழாகப் பார்த்து முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருக்கும் அறிவாளிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தியபோது சொன்ன பட்டங்கள் எனக்கே புதியவை. மாணவர்கள் எனக்கு வைத்த பட்டங்களை மேடை நாகரிகம் கருதி விட்டுவிட்டார், நன்றி. அம்மையார் போன வருடம் பேருந்து நிலையத்தில் நீர்மோர்ப் பந்தல் திறந்துவைத்ததை நானே ஒரு குவளை குடித்துவிட்டு வாழ்த்தியவன். அவர்கள் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நூலகர் ஐயா பொன்னாடை போர்த்தினார். அன்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் வட ஆர்க்காட்டுச் சித்திரையில், மாலை நாலு மணிக்கு, ஜரிகை போட்ட கெட்டித் துணியை ஒரு கிழவன் தோளில் போர்த்துவது மரியாதையா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை யாருக்கு மரியாதை செய்தாலும் குடை கொடுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய தலைப்பு 'பாராசோல்' என்ற ஒரு சொல். மூன்று செய்திகள் சொல்வேன். ஒன்று, அந்தச் சொல் எங்கே பிறந்தது. இரண்டு, ஊர் ஊராகப் போய் என்னென்ன பொருளை வாங்கிக்கொண்டு வந்தது. மூன்று, அரசன் குடையும் ஆண்டவன் குடையும்: சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் திருக்குடை யானைக்கவுனி தாண்டுவது வரைக்கும்.

பாராசோல் இத்தாலியிலே பிறந்தது. அங்கே 'பாராரே' என்றால் தடு, மறை. 'சோலே' என்றால் சூரியன். சூரியனைத் தடுப்பது பாராசோலே. அது பிரெஞ்சுக்குப் போய்ப் பாராசோல் ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. இந்தப் 'பாரா'வுக்கு உடன்பிறப்புகள் நிறைய. விழுவதைத் தடுப்பது பாராசூட். மார்பளவு நின்று காப்பது பாராபெட், அதாவது நம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். இத்தாலியில் 'பெத்தோ' என்றால் மார்பு. மழையைத் தடுக்கிற குடைக்குப் பிரெஞ்சில் பாராப்ளூயி. இடியைத் தடுக்கும் கம்பிக்கும் ஒரு பாரா உண்டு. இந்தப் பாரா வேறு, பத்தியைச் சொல்கிற பாரா வேறு. அது கிரேக்கத்து ஆள்.

இந்தத் தலைப்பைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு நாலு பக்கக் கடிதம் எழுதிவிட்டார். 'பார்' என்றால் உலகம், 'சோலை' என்றால் நிழல், உலகுக்கே சோலையானது பார்ச்சோலை, ஆகவே பாராசோல் தமிழ்ச் சொல்லே என்கிறார். நண்பரே, இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழுக்கு இந்தச் சொத்து வேண்டாம். வேறு நல்ல சொத்து இருக்கிறது, வருகிறேன்.

ஒரு வேடிக்கை. இங்கிலீஷ்காரன் மழைக்குப் பிடிக்கிற 'அம்பிரல்லா' இருக்கிறதே, அதுவும் வெயிலுக்குப் பிறந்த சொல்தான். லத்தீனில் 'உம்பிரா' என்றால் நிழல். 1611இல் தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் தன் பயண நூலில் இத்தாலிக்காரர்கள் பிடிக்கும் குடையை எழுதுகிறார்: தோலால் ஆனது, உள்ளே சின்னச் சின்ன மரவளையங்கள், குதிரையில் போகிறவர்கள் காம்பின் நுனியைத் தொடையில் பொருத்திக்கொள்வார்கள். எல்லாம் வெயிலுக்கு. இதே மனிதர் பிறகு பெரும்பாலும் கால்நடையாகவே இந்தியாவுக்கு வந்து 1617இல் சூரத்தில் இறந்துபோனார். வழியில் குடை பிடித்தாரா என்று தேடினேன், கிடைக்கவில்லை. நிழலைக் குறித்த சொல்லை வெயில் இல்லாத ஊர்க்காரன் மழைக்கு வைத்துக்கொண்டான். போலந்துக்காரன் அதற்கும் மேலே. சூரியனைத் தடு என்று பொருள்படும் பாராசோலையே எடுத்து, கொட்டுகிற மழையில் பிடிக்கிற குடைக்கு வைத்துவிட்டான். இன்றைக்கும் அங்கே அதுதான் பேர்.

"அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்." எனக்குப் பிடித்த பழமொழி. என் வகுப்பில் படித்தவர்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். இப்போது நூற்றொன்று. இதற்கு ஒரு கதை உண்டு. கொஞ்சம் நீளம். சுண்டல் வர இன்னும் நேரம் இருக்கிறது.

1979. எனக்கு முதல் வேலை. ஊர் பேர் வேண்டாம். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல் ஏரிக்கரை மேலே நடை. மருந்துக்குக்கூட மரம் கிடையாது. பாதி வழியில் ஒரு மொட்டைப் பனை, அதன் நிழல் ஒரு ஆள் அகலம். ஆகவே முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு கறுப்புக் குடை. வளைந்த மரக் கைப்பிடி. விரித்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.

மறுநாள் குடையும் கையுமாக ஏரிக்கரையில் ராஜா மாதிரி நடக்கிறேன். ஊர் எல்லையில் டீக்கடை. பெஞ்சில் ஒரு பெரியவர். என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஏன் சார், உங்க தலைக்கு மேல மட்டும்தான் பெய்யுதா?" பெஞ்சே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடம் போனேன். சேதி எனக்கு முன்னே போயிருந்தது. தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து அந்தப் பழமொழியைச் சொன்னார். எனக்கு ரோஷம். "ஐயா, பழமொழி அர்த்த ராத்திரி என்கிறது. இது உச்சி வெயில்" என்றேன். "தெரியும்ப்பா. உனக்கு இன்னும் வாழ்வு வரலையே, அதான் பகல்லயே பிடிக்கிற" என்றார்.

அன்றிலிருந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் விரிப்பேன். டீக்கடை கண்ணில் பட்டதும் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். எதிரே சைக்கிள் வந்தால் மடக்குவேன், போனதும் விரிப்பேன். மூன்று வாரத்தில் டப் சத்தம் போய்விட்டது. சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான். இந்த மண்டபத்துக்கு இன்று வந்த ஆண்களில் குடையோடு வந்தவர் எத்தனை பேர்? கை தூக்குங்கள். மூன்று. அதில் ஒருவர் எங்கள் வீட்டிலிருந்து வந்தவர்.

அந்தக் கரையில் ஒரு கிழவி ஆடு மேய்ப்பாள். மொட்டைப் பனையின் ஓர் ஆள் நிழலில் பேரப் பிள்ளையைப் பழைய சேலையில் கிடத்தியிருப்பாள். நிழல் நகர நகரப் பிள்ளையையும் நகர்த்துவாள். ஒரு நாள் நான் யாரையோ பார்த்துக் குடையை மடக்குவதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்: "சாமி, பிடிச்சாப் பிடி, இல்லாட்டி இப்படிக் குடு. மடக்கின குடை வெயிலுக்குப் பாரந்தானே."

கொடுத்துவிட்டேன். சாயந்திரம் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. இப்படியே பல மாதம். ஒரு நாள் எனக்குச் சீக்கிரம் பள்ளிக்கூடம் விட்டது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஊரைப் பார்க்கப் போகிறாள். பார்க்கவே அழகாயிருந்தது. ஊர்த் தெரு வாசல் வந்தது. நின்றாள். குடையை மடக்கினாள். அதைக் கக்கத்தில்கூட வைக்கவில்லை, ஆட்டுக்குப் பறித்த தழைக்கட்டுக்குள் செருகிக்கொண்டாள். பிள்ளையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை.

நான் மடக்கியது வெட்கத்தில். அவள் மடக்கியது வேறு காரணத்துக்கு. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரிப் பக்கம், நாடார் முதலான மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்று இருந்த தடையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாதிரிமார்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படியானால் என் பழமொழியில் வருகிற அந்த 'அற்பன்' யார்? பகலில் பிடிக்க விடாமல் வைத்திருந்தால் அவன் ராத்திரியில்தானே பிடிப்பான்? இது புரிந்த பிறகு அந்தப் பழமொழியைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கொஞ்சம் கூசுகிறது. ஆனாலும் விட மனசில்லை, சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

நம்முடைய சொத்து என்று சொன்னேன் இல்லையா? புறநானூற்றின் 35ஆம் பாட்டு. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் போகிறார். நிலவரி பாக்கி நிற்கிறது, தள்ளுபடி வாங்க வேண்டும். வானத்தை முட்டுகிற அவன் குடையைக் காட்டிக் கேட்கிறார்:

"வெயில்மறைக் கொண்டன்றோ அன்றே வருந்திய
குடிமறைப் பதுவே கூர்வேல் வளவ"

வெயிலை மறைக்கவா இந்தக் குடையைக் கொண்டாய்? இல்லை, வருந்துகிற குடிகளுக்கு நிழல் தர. 'வெயில்மறை' என்கிறார் பாருங்கள். இத்தாலிக்காரன் 'சூரியன்தடு' என்று ஒட்டிச் செய்த சொல்லைப் புலவர் போகிற போக்கில் சொல்லிவிட்டு, அதுவல்ல குடையின் வேலை என்று தாண்டியும் போய்விடுகிறார். பாக்கியும் தள்ளுபடி ஆயிற்று என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. இன்றைக்கு ஒரு கவிதை எழுதிக் கொடுத்து வீட்டுவரி தள்ளுபடி வாங்க முடியுமா என்று அம்மையாரைப் பார்த்துக் கேட்க மாட்டேன்.

இரண்டாவது செய்தியை வேகமாகச் சொல்கிறேன், மணி ஓடுகிறது. உடலுக்கு மேலே குடைபோல ஒற்றை இறக்கை வைத்த விமானத்துக்கும் பாராசோல் என்றே பேர். 1913இல் பிரான்சில் செய்த மொரான்-சோல்னியே விமானம் முதல் உலகப்போரில் அந்தப் பேரோடு பறந்தது. காளானிலும் ஒரு பாராசோல் உண்டு, உயர்ந்த காம்பும் அகன்ற தலையுமாக. நாமும் காளானைக் குடை என்றுதான் பார்த்தோம், ஆனால் யாருக்குக் கொடுத்தோம்? நாய்க்குடை! அரசனுக்கு வெண்கொற்றக்குடை, நாய்க்கு இது. தமிழில் குடை என்றாலே வளைந்து குழிந்தது. கவிழ்த்தால் குடை, நிமிர்த்தினால் பனங்குடை, பனையோலையில் மடித்த உண்கலம். பாறையைக் குடைந்தால் குடைவரை, நம் பக்கத்து மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைந்தது நிற்கிறது. வண்டி கவிழ்ந்தால் குடை சாய்ந்தது. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் தலையில் செருகுகிற காகிதக் குடை தனி அழகு, அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

செவில் என்று ஸ்பெயினில் ஒரு ஊர். நம் ஊருக்கு அண்ணன், அவ்வளவு வெயில். 2011இல் அங்கே ஒரு சதுக்கத்தின் மேலே மரத்தாலேயே மாபெரும் கூரை கட்டித் திறந்தார்கள். கட்டியவர் வைத்த பேர் மெட்ரோபோல் பாராசோல். ஜனங்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு 'காளான்கள்' என்று கூப்பிட்டார்கள். காளானுக்குக் குடைப் பேர், குடைக்குக் காளான் பேர், கணக்குச் சரியாகிவிட்டது. எனக்கு முக்கியம் அது இல்லை. அந்த ஊரில் கோடை வந்தால் கடைத்தெருவில் இந்தப் பக்கத்து மாடிக்கும் அந்தப் பக்கத்து மாடிக்கும் குறுக்கே துணி கட்டித் தெருவுக்கே நிழல் போடுகிறார்கள். துணி, அம்மா, வெறும் துணி!

நம் ஊருக்கு வாருங்கள். மருத்துவமனை முனைப் பேருந்து நிறுத்தம். கூரை பளபளவென்று இருக்கிறது. யார் கட்டியது, யார் அளந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. போன வாரம் மூன்று நாள் பகல் இரண்டு மணிக்குப் போய்ச் சுண்ணாம்புக்கட்டியால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டேன், பழைய பழக்கம். நிழல் முழுக்கப் பின்னாலிருக்கும் சாக்கடை மேலே விழுகிறது. இரும்பு இருக்கையில் வெயில். கைப்பிள்ளைக்காரிகள் சாக்கடை ஓரமாக நிற்கிறார்கள். இருட்டினால் கூரையில் விளக்கு எரிகிறது, அதன் கீழே தாராளமாக உட்காரலாம். அர்த்த ராத்திரியில் குடை! பழமொழியை நான் ஏன் விடவில்லை என்று இப்போது தெரிகிறதா?

2024 அக்டோபரில் நம் மாநில அரசு கடும் வெப்பத்தை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு தலைக்கு மேலே ஒன்று வேண்டாமா? விண்ணப்பத்தில் கேட்டிருப்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. நிறுத்தத்தின் மேற்குப் பக்கம் ஒரு பக்கத் தடுப்பும் இரண்டு புங்க மரமும். சந்தைத் தெருவில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பெண்களுக்குச் சித்திரை, வைகாசி இரண்டு மாதம் செவில் மாதிரி குறுக்குத் துணி. அடுத்தது ஆண்களே, உங்களிடம். ஜப்பானில் 2019இல் சுற்றுச்சூழல் அமைச்சகமே ஆண்கள் வெயில் குடை பிடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தது. லண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோனஸ் ஹான்வே என்ற மனிதர் தெருவில் குடை பிடித்ததற்குக் கேலி வாங்கினார். மழை வந்தால்தான் பிழைப்பு என்றிருந்த வாடகை வண்டிக்காரர்கள் அவர்மேல் எரிந்து விழுந்தார்கள். அவர் மடக்கவில்லை. நான் டீக்கடைக்குப் பயந்து மடக்கினேன்.

மூன்றாவது செய்தி, திருக்குடை, யானைக்கவுனி... தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். புரட்டாசிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அதையே பேசுகிறேன்.

விண்ணப்பத்தை உள்ளே வைக்க இடம் இல்லாமல் வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் மூன்று மணியிலிருந்து வெயிலில் இருக்கிறான். வரும்போது என் குடையை விரித்து மேஜைக் காலோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தேன். இரண்டு பேர் நிற்கலாம். அவன் ஒருவன், கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். அம்மையார் அவர்கள் முதலில் வரவேண்டும். வணக்கம்.