வைசாலி வாசலில் நின்றவர்கள்: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தன்பால் இணையரின் திருமண உரிமைக்குக் கதவைத் திறப்பது சட்டமா, ஆன்மிக மனமா என்பது தலைப்பு. நான் ஆன்மிக மனம் என்று பேச வந்திருக்கிறேன். குறிப்பாக, புத்தர் காட்டிய மனம். அதற்குத் தாள் நிறையக் குறிப்பும் எடுத்து வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி கடைசியாக ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லாமல் இந்தத் தாளைப் பிரிக்க மனசு வரவில்லை.

என்ன சொன்னார்? "கட்டின பெண்டாட்டியையும் பெற்ற பிள்ளையையும் நடுராத்திரியில் விட்டுவிட்டுக் கிளம்பினவர் புத்தர். அவரிடம் போய்க் கல்யாணத்துக்குச் சாட்சி கேட்கிறார்களே!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பலமாகவே தட்டினீர்கள்.

தம்பி, கிளம்பினதைச் சொன்னீர்கள். திரும்பி வந்ததை யார் சொல்வது?

ஞானம் பெற்ற பிறகு புத்தர் தன் சொந்த ஊரான கபிலவஸ்துவுக்கு வருகிறார். ஊரே திரண்டு வந்து வணங்குகிறது. மனைவி யசோதரை மட்டும் வரவில்லை. "எனக்கென்று ஏதாவது பெருமை இருந்தால் அவரே என்னிடம் வரட்டும்" என்று அறையிலேயே இருந்துவிட்டாள் என்கிறது பௌத்தப் பரம்பரைக் கதை. அவர் போனாரா, இல்லையா? போனார், தம்பி! சீடர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் அறைக்கே போனார். போகிற வழியில் சீடர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அவள் எப்படி வணங்க விரும்புகிறாளோ அப்படி வணங்கட்டும். யாரும் தடுக்கக் கூடாது" என்றார். துறவியைப் பெண் தொடக் கூடாது என்ற விதி உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஓடி வந்து அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, பாதத்தில் தலையை வைத்து அழுகிறாள். அவர் காலை நகர்த்தவில்லை. விதி அங்கேதான் இருந்தது. ஆனால் அவள் வைத்திருந்த அன்பு அந்த அறைக்குள் முதலில் நுழைந்துவிட்டது.

ராத்திரியில் கிளம்பினதுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. யசோதரை பட்ட வேதனை வேதனைதான். ஆனால் அந்த ஒரு ராத்திரியை வைத்து ஒரு மனிதனின் எண்பது வருட வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன்.

சரி, கதை அங்கே முடியவில்லை. இனிமேல்தான் இருக்கிறது. நடுவர் ஐயா மணியில் கை வைக்காமல் கேட்க வேண்டும்.

புத்தரைப் பெற்ற மாயாதேவி ஏழே நாளில் இறந்துபோனார். அந்தப் பச்சைக் குழந்தைக்குத் தன் பால் கொடுத்து வளர்த்தவர் சித்தி மகாபிரஜாபதி கோதமி. பின்னாளில் அந்தச் சித்தி வந்து கேட்கிறார்: "பெண்களும் துறவு மேற்கொள்ள அனுமதி கொடு." புத்தர், "வேண்டாம் கோதமி" என்கிறார். மறுபடி கேட்கிறார். வேண்டாம். மூன்றாம் முறையும் வேண்டாம். அழுதுகொண்டே போனார் என்று எழுதியிருக்கிறது. புத்தர் கிளம்பி வைசாலி நகரத்துக்குப் போய்விட்டார்.

கோதமி என்ன செய்தார்? தலைமுடியை வெட்டினார். காவி உடுத்தினார். தன் சாக்கியக் குலத்துப் பெண்கள் பலரைக் கூட்டிக்கொண்டு கபிலவஸ்துவிலிருந்து வைசாலிக்கு நடந்தார். அரண்மனைப் பெண்கள், ஐயா! மண்ணில் கால் வைத்துப் பழக்கமில்லாதவர்கள். நாள் கணக்கில் நடந்தார்கள். வைசாலியில் அந்த மடத்து வாசலில் வந்து நிற்கும்போது கால் வீங்கியிருக்கிறது, உடம்பெல்லாம் புழுதி, கண்ணில் தண்ணீர். உள்ளே போகவில்லை. வாசலிலேயே நிற்கிறார்கள்.

புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் வெளியே வருகிறார். பார்க்கிறார். "ஏன் கோதமி இங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்கிறார். நடுவர் அவர்களே, இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். மற்றவர்கள் கண்ணுக்கும் அந்த வாசல் தெரிந்திருக்கும். வீங்கின காலும் தெரிந்திருக்கும். நின்று கேட்டது ஆனந்தர்.

உள்ளே போய்ப் புத்தரிடம் பேசுகிறார். வேண்டாம் ஆனந்தா. மறுபடியும் கேட்கிறார். வேண்டாம். மூன்றாவது முறையும் அதே பதில். வேறு யாராவது இருந்தால் வெளியே வந்து, "அம்மா, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்று கையை விரித்திருப்பார்கள். ஆனந்தர் கேள்வியை மாற்றினார். "ஐயா, பெண் துறவு பூண்டால் அவளால் ஞானத்தை அடைய முடியுமா, முடியாதா?" என்றார். புத்தரால் பொய் சொல்ல முடியாதே. "முடியும்" என்றார். "முடியும் என்றால், உங்களுக்குப் பால் கொடுத்து வளர்த்த அந்தத் தாய் வாசலில் நிற்கிறார்" என்றார் ஆனந்தர்.

கதவு திறந்தது.

(கைதட்டல்) நன்றி, நன்றி. எதிரணியும் தட்டுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் நடுவர் ஐயா.

இப்போது எதிரணித் தலைவர் எழுந்து, "திறந்த கதவில் எட்டு நிபந்தனை இருந்ததே" என்பார். இருந்தது. நான் மறைக்கவில்லை. நூறு வயது பிக்குணி, அதாவது பெண் துறவி, ஆனாலும், இன்றைக்குக் காலையில் துறவு வாங்கின பையனைப் பார்த்தால் எழுந்து கும்பிட வேண்டும். அதுதான் முதல் நிபந்தனை. நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அந்த எட்டு நிபந்தனையும் பின்னால் என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள். தைவானில் ஒரு பிக்குணி இருக்கிறார், பெயர் ஷி சாவ் ஹ்வெய். 2001-ம் ஆண்டு ஒரு மாநாட்டில், எல்லோரும் பார்க்க, அந்த எட்டு விதிகள் எழுதியிருந்த தாளைக் கிழித்தார். பௌத்த உலகமே அதிர்ந்தது. கிழித்தவர் நாத்திகர் இல்லை, ஐயா. துறவு பூண்டவர், மொட்டைத் தலை. புத்தரின் அறத்தைக் காப்பாற்றத்தான் கிழிக்கிறேன் என்ற உறுதியோடு கிழித்தவர்.

அதே பிக்குணி, பதினோரு ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்டில் தைவானில் ஒரு திருமணத்தை நடத்தி வைத்தார். இரண்டு பேரும் மணப்பெண்கள். இரண்டு பேரும் வெள்ளை உடுப்பு. மோதிரம் மாற்றவில்லை, ஜபமாலை மாற்றிக்கொண்டார்கள். சுற்றிலும் சூத்திரம் ஓதுகிறார்கள். அந்த நாட்டில் அன்றைக்கு அதற்குச் சட்டம் இருந்ததா? இல்லை! அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2017 மே 24. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019 மே 24. ஏழு வருடம் கழித்து, தம்பி! சட்டம் வந்து சேர்வதற்கு ஏழு வருடம் முன்பே ஒரு துறவி அந்தப் பெண்களுக்கு ஆசி கொடுத்துவிட்டார்.

ஊர் மனம் முழுக்க மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2018-ல் அங்கே நடந்த பொது வாக்கெடுப்பு எதிராகத்தான் விழுந்தது. நான் சொல்வது, எல்லோருக்கும் முன்னால் போய் வாசலில் நின்று "ஏன் இங்கே நிற்கிறீர்கள்" என்று கேட்கிற அந்த ஒரு மனத்தை.

சான் பிரான்சிஸ்கோவில் கோஷின் ஒகுய் என்ற ஜப்பானியப் பௌத்தக் குரு 1970-களின் தொடக்கத்திலேயே தன்பால் இணையருக்குக் கோயிலில் மணம் செய்து வைத்திருக்கிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அந்த உரிமையைக் கொடுத்தது எப்போது? 2015 ஜூன் 26. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது!

அப்புறம், தாய்லாந்தை எதிரணி மூன்று முறை சொன்னது. தன்பால் திருமணச் சட்டம் 2024 ஜூன் 18-ல் செனட்டில் 130-க்கு 4 என்று நிறைவேறியது, 2025 ஜனவரி 23 முதல் நடைமுறை, முதல் நாளிலேயே 1,800-க்கும் மேற்பட்ட இணையர் பதிவு செய்தார்கள் என்றெல்லாம் அழகாகச் சொன்னார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்தவர் நாலே பேர் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பௌத்தர் இருக்கிற நாடு அது. "என் கடவுள் இதை விதிக்கவில்லை" என்று அங்கே பௌத்தர் ஒருவரும் எழுந்து நிற்க முடியாது. பௌத்தத்தில் கல்யாணம் தெய்வக் கட்டளை கிடையாது, உலகியல் ஒப்பந்தம். இன்னாரோடு இன்னார்தான் சேர வேண்டும் என்று கட்டளையிட ஒரு படைப்புக் கடவுளே அங்கே இல்லை. அந்த மண்ணில் சட்டம் வேர்விடச் சுலபமாக இருந்தது.

இலங்கையைக் காட்டி மடக்கப் பார்த்தார்கள். தன்பால் உறவை அங்கே இன்னும் குற்றம் என்கிறதே சட்டம் என்றார்கள். அது 1883-ல் ஆங்கிலேயன் எழுதிவிட்டுப் போன தண்டனைச் சட்டம். போதிமரத்தடியில் எழுதினது இல்லை. அங்கே தடுத்து நிற்பது எது? நீங்கள் வாதாட வந்த சட்டம்தான்!

இன்னொன்று. சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் குடும்பக் கடமைகளைச் சொன்னார். கணவனுக்கு ஐந்து, மனைவிக்கு ஐந்து. மதிப்பாக நடத்து, இழிவாகப் பேசாதே, துரோகம் செய்யாதே, பொறுப்பைக் கொடு, நகை வாங்கிக் கொடு. இது கணவனுக்கு. வீட்டை ஒழுங்காக நடத்து, உறவுகளை உபசரி, துரோகம் செய்யாதே, சொத்தைக் காப்பாற்று, சோம்பல் படாதே. இது மனைவிக்கு. பத்தும் ஆயிற்று. பிள்ளை பெற்றுத் தா என்று இதில் எங்கேயாவது வருகிறதா? "குழந்தை பிறக்காத கல்யாணம் என்ன கல்யாணம்" என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும். இரண்டு ஆண்கள் இதில் எதைச் செய்ய முடியாது? இரண்டு பெண்கள் எதைச் செய்ய முடியாது?

(மணி)

அடித்துவிட்டீர்கள். சரி ஐயா, தாளை மடித்துவிட்டேன். ஒரே ஒரு கதை மட்டும்.

நகுலபிதா, நகுலமாதா என்று ஒரு வயதான தம்பதி. புத்தரிடம் வந்து கைகட்டி நிற்கிறார்கள். கிழவர் சொல்கிறார்: "சின்ன வயதில் இவள் என் வீட்டுக்கு வந்ததிலிருந்து மனத்தால்கூட இவளுக்குத் துரோகம் நினைத்ததில்லை." கிழவியும் அதையே சொல்கிறார். "இந்தப் பிறவியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலவே அடுத்த பிறவியிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு என்ன வழி?" என்று கேட்கிறார்கள். பிறவியே வேண்டாம் என்று போதிக்கிற ஆளிடம் வந்து கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! அவர் கோபப்படவில்லை. ஆசையை விடுங்கள் என்றும் சொல்லவில்லை. "இருவருக்கும் நம்பிக்கை சமமாக இருக்கட்டும், ஒழுக்கம் சமமாக இருக்கட்டும், ஈகை சமமாக இருக்கட்டும், அறிவு சமமாக இருக்கட்டும். மறுபிறவியிலும் பார்த்துக்கொள்வீர்கள்" என்றார். நான்குதான் நிபந்தனை. அந்த நான்கில் ஆண் எங்கே, பெண் எங்கே?

இந்தக் கூட்டத்தில் ஒரு தாய் இருப்பார். தகப்பனும் இருக்கலாம். மகன் வெளியூரில் ஒரு நண்பனோடு இருக்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு, அந்த நண்பன் யார் என்பது நெஞ்சுக்குத் தெரிந்தும் வாய் திறந்து கேட்காதவர்கள். மகள் கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாள் என்று அழுகிறவர்கள். அம்மா, உங்களை நான் குறை சொல்லவில்லை. பால் கொடுத்து வளர்த்தவருக்கே மூன்று முறை வேண்டாம் என்றார் புத்தர். நாமெல்லாம் எம்மாத்திரம்! ஆனால் அந்தப் பிள்ளை கால் வீங்க நடந்து வந்து உங்கள் வாசலில்தான் நிற்கிறது. நாடாளுமன்றத்து வாசலில் நிற்பதற்கு முன்னால் உங்கள் வாசலில் நிற்கிறது. 2023 அக்டோபர் 17-ல் நம் உச்ச நீதிமன்றமே, இதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. நாடாளுமன்றம் நம்மைப் பார்க்கும். நாம் யாரைப் பார்க்கப் போகிறோம்?

தீர்ப்பை நடுவர் சொல்லட்டும். நீங்கள் வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள். அப்புறம், உன்கூட இருக்கிற பிள்ளை சாப்பிட்டுச்சா என்றும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.