கிரீடம் விழுந்த வீடியோவும் அடுத்த மேடையும்

வணக்கம். பென்னாகரம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் ஒன்பது பேர் கூத்துப் பழகி, சொந்த ஊர்த் திருவிழாவில் ஆடியிருக்கிறார்கள். துரியோதனன் சுழன்று ஆடும்போது கிரீடம் கழன்று விழ, ராசாவின் வரவைக் கட்டியம் கூறி அறிவித்து நடுநடுவே கேலியும் பேசும் கட்டியங்காரன் அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "ராசா, இனிமேல் நீங்கள்தான் எனக்குக் கட்டியம் சொல்ல வேண்டும்" என்றானாம். யாரோ எடுத்துப் போட்ட அந்த நாற்பது நொடியை இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். துரியோதனன் பஸ் ஏறினால், "கிரீடம் பத்திரம்" என்கிறார்களாம். இப்போது பக்கத்து ஊரில் அழைக்கிறார்கள். கிரீடம் விழும் காட்சி கட்டாயம் வேண்டுமாம். வேண்டுமென்றே விழ வைக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம் தம்பி. விழப்போவது தெரிந்துவிட்டால் துரியோதனனின் கழுத்து ஒரு நொடி முன்னதாகவே சாயும். விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்துப் பழகிய கிழவிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சாய்வு அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. அன்றைக்குச் சிரிப்பு வந்தது கிரீடத்தால் அல்ல, கட்டியங்காரனின் சமயோசிதத்தால். ராஜாவையும் கேலி செய்யக் கூத்து அவனுக்கு உரிமை தந்திருக்கிறது. நடந்த தவறைக் கதைக்குள் இழுத்துக்கொண்டான், கெட்டிக்காரன். அதையே மறுபடி செய்யச் சொன்னால் அவனாலும் முடியாது.

துரியோதனனின் கூச்சம் எனக்குப் புரிகிறது. பாலக்கோடு பக்கம் ஒரு மேடையில் வீமனாக நின்று வசனத்தை மறந்து, திரௌபதியிடமே கேட்டவன் நான். அப்போது செல்போன் கிடையாது. என் மானம் அந்த ஊர் எல்லையோடு நின்றது. இவருக்கு அந்தச் சலுகை இல்லை. கருத்துகளை அவர் படிக்க வேண்டாம். வேறொருவர் படித்து, பதில் தேவைப்பட்டால் குழுவின் பெயரில் எழுதட்டும்.

ஊரில் நீங்கள் லட்சக்கணக்கில் சம்பாதித்ததாகப் பேச்சாம். யூடியூபில் இத்தகைய குறு வீடியோவுக்கு விளம்பரப் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும் 90 நாளில் ஒரு கோடி பார்வையும் வேண்டும். அப்படியே வந்தாலும் அது பதிவேற்றியவர் கணக்குக்குத்தான் போகும். இதைச் சொல்லுங்கள், பேச்சு அடங்கும்.

வீடியோவை வெட்டியதற்காக வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 38பி பிரிவு, கலைஞரின் நற்பெயர் கெடும்படி நிகழ்ச்சியைத் திரித்தால் தடுக்க வழி தருகிறது. ஆனால் நேரத்துக்கு ஏற்பச் சுருக்குவது மட்டுமே திரிப்பாகாது என்றும் அங்கேயே விளக்கம் இருக்கிறது. ஆபாச ஒலியையோ வசையையோ சேர்த்து ஒட்டியிருந்தால் அது வேறு கதை. அப்போது வக்கீலைப் பாருங்கள்.

முதலில் கிரீடத்தைப் பாருங்கள். கல்யாண முருங்கையில் செய்தது என்றால் கனம் இருக்காது, தவறு கட்டிய விதத்தில்தான். தலைத்துணியை நனைத்து இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கயிற்றை முடியுங்கள். ஒத்திகையில் இருபது சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

கூட்டத்தில் எவனாவது "கிரீடம்!" என்று கத்துவான், நிச்சயம் கத்துவான். பதில் சொல்வது கட்டியங்காரன் வேலை. துரியோதனன் மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த அடியை எடுக்கட்டும். தாளம் மட்டும் நிற்கக் கூடாது.