போர் வேண்டாம் என்று சொன்ன தளபதி

அனைவருக்கும் வணக்கம்.

சீனாவில் யாங் குடும்பத்துக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. இசை நாடகம், கதைசொல்லிகளின் மேடை, நாவல், இப்போது தொலைக்காட்சித் தொடர் என்று பல நூற்றாண்டுகளாக அந்தக் கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் முதல் நாயகன் யாங் யே. சோங் என்ற சீன அரசின் வடக்கு எல்லையைக் காத்தவர். 986-ல் எதிரியின் கையில் சிக்கி, உணவைத் தொட மறுத்து உயிர்விட்டவர். அவருடைய விசுவாசத்துக்கு எல்லோரும் அந்தச் சாவைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் சாவதற்கு முன் அவர் ஒரு திட்டம் சொன்னார். என்னைக் கேட்டால், அவருடைய விசுவாசம் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது.

யாங் யே முதலில் சோங் அரசின் ஆளே அல்ல. தாங் பேரரசு 907-ல் விழுந்த பிறகு சீனா துண்டு துண்டாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டு, தாய்யுவான் நகரைத் தலைநகராகக் கொண்ட வட ஹான். இளம் வயதிலேயே அங்கே படையில் சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் 'எதிரியில்லாதவர்' என்று பெயர் எடுத்துவிட்டார். 979-ல் சோங் பேரரசர் தாய்சோங் தாய்யுவானை முற்றுகையிட்டார். வட ஹான் அரசன் சரணடைந்தான். அரசன் சரணடைந்த பிறகும் நகருக்குள் யாங் யே சண்டையை நிறுத்தவில்லை. கடைசியில் அந்த அரசனே ஆள் அனுப்பிச் சொன்ன பிறகுதான், வடக்கு நோக்கி இருமுறை வணங்கி, வாய்விட்டு அழுது, கவசத்தைக் கழற்றினார்.

இப்படிப்பட்ட ஆளைத் தாய்சோங் விட்டுவிடவில்லை. தாய்ஜோவுக்கு அனுப்பி யான்மென் கணவாயைக் காக்கச் சொன்னார். இன்றைய ஷான்ஷி மாநிலத்தின் வடபகுதி அது. அதற்கு அப்பால் கித்தான் மக்களின் லியாவ் பேரரசு. அங்கே குளிர் கொடுமையானது. மற்றவர்கள் கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு நடுங்கும்போது, இவர் சாதாரணப் பஞ்சாடையில் வெளியில் உட்கார்ந்து படைவேலை பார்ப்பாராம், பக்கத்தில் நெருப்புகூட இல்லாமல். கூட இருந்தவர்கள் விறைத்து விழாத குறை என்று சோங் வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

980-ல் லியாவ் படை யான்மென் நோக்கி வந்தது. யாங் யே சில ஆயிரம் குதிரைவீரர்களோடு மலைப்பாதை வழியாகச் சுற்றிப் போய் எதிரியின் முதுகில் இறங்கினார். முன்னால் தலைமைத் தளபதி பான் மெய், பின்னால் யாங் யே. அந்தச் சண்டைக்குப் பிறகு இவருடைய கொடியைப் பார்த்தாலே கித்தான் படை திரும்பிப் போய்விடும் என்று சொல்வார்கள்.

சரி, பகை எங்கிருந்து வந்தது? சொந்தப் பக்கத்திலிருந்துதான். எல்லையில் இருந்த மற்ற தளபதிகள் அவரைக் குறை கூறிப் பேரரசருக்கு இரகசிய மடல்கள் அனுப்பினார்கள். தாய்சோங் அவற்றை உறையில் இட்டு அப்படியே யாங் யேவுக்கே அனுப்பிவிட்டார். பெருந்தன்மையான செயல் என்று இதைப் புகழ்வதுண்டு. அது உண்மையும்கூட. ஆனால் அந்த மடல்கள் எழுதப்பட்டன என்பதையும் மறக்கக் கூடாது. சோங் வம்சத்தை நிறுவியவரே 960-ல் தன் படையின் துணையோடு அரியணையைப் பிடித்த ஒரு தளபதிதான். அதனால் தளபதிகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது அந்த அரசின் இரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. படையோடு ஒரு மேற்பார்வையாளரையும் சேர்த்து அனுப்புவார்கள். இவரோ சரணடைந்து வந்த தளபதி. சந்தேகப்படச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

இப்போது 986-க்கு வருகிறேன். லியாவ் கையில் இருந்த வடநிலங்களை மீட்கத் தாய்சோங் மூன்று படைகளை அனுப்பினார். மேற்குப் படைக்குப் பான் மெய் தலைவர், யாங் யே துணைத்தலைவர். அவர்கள் நான்கு வட்டங்களைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் கிழக்கே சென்ற பெரும்படை தோற்றது. பின்வாங்கும்படி கட்டளை வந்தது. அதோடு, நான்கு வட்டத்து மக்களையும் பெயர்த்து உள்நாட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்றும் உத்தரவு. அதற்குள் லியாவின் பெரும்படை வந்து நான்கில் ஒன்றான ஹுவான்ஜோவைப் பிடித்துக்கொண்டது.

அப்போது யாங் யே சொன்னது இதுதான்: எதிரி இப்போது வலுவாக இருக்கிறான், மோத வேண்டாம். நமக்கு வந்த கட்டளை மக்களைக் கூட்டி வருவது. நாம் இங்கிருந்து புறப்படும் நாளில் யுன்ஜோ மக்கள் முதலில் வெளியேறட்டும். நாம் யிங்ஜோ பக்கம் போனால் எதிரி நம்மைத் தேடி அங்கே வருவான். அந்த நேரத்தில் ஷுவோஜோ மக்கள் நேராக மலைப் பள்ளத்தாக்குக்குள் போய்விடட்டும். பள்ளத்தாக்கின் வாயில் ஆயிரம் வில்லாளிகளை நிறுத்துவோம், நடுவே குதிரைப்படை உதவட்டும். மீதியுள்ள மூன்று வட்டத்து மக்களும் தப்பிவிடுவார்கள்.

தன் பெயருக்கு ஒரு வெற்றி வேண்டும் என்று நினைப்பவர் சொல்லும் திட்டமா இது? எதிரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு குடிமக்களுக்கு வழி விடும் திட்டம். ஆண்டுக்கணக்கில் அந்த மலைகளின் குளிரைத் தாங்கியவர் தன் பாதைகளைப் பற்றிப் பேசுகிறார். செஞ்சோற்றுக் கடன் கழிப்பது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேற்பார்வையாளர் வாங் ஷென் ஒத்துக்கொள்ளவில்லை. பல்லாயிரம் வீரர்களை வைத்துக்கொண்டு இப்படிப் பயப்படுவதா, முரசு கொட்டி நேரே போக வேண்டியதுதானே என்றார். இப்படிப் போனால் நிச்சயம் தோல்வி என்றார் யாங் யே. அப்போதுதான் வாங் ஷென் அந்தக் கேள்வியைக் கேட்டார்: எதிரியில்லாதவர் என்று பெயர் வாங்கியவர், எதிரியைக் கண்டதும் தயங்குகிறீரே, மனதில் வேறு எண்ணம் ஏதும் இருக்கிறதோ?

சரணடைந்து வந்த ஒருவரிடம் இதைக் கேட்டால் அவரால் என்ன பதில் சொல்ல முடியும்? வாதத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விட்டது. புறப்படும்போது யாங் யே பான் மெய்யிடம் அழுதார். தாய்யுவானிலிருந்து சரணடைந்து வந்தவன் நான், அன்றே கொல்லப்பட்டிருக்க வேண்டியவன், பேரரசர் உயிரோடு விட்டுப் படையையும் கையில் தந்தார் என்றார். சென்ஜியா பள்ளத்தாக்கின் வாயைக் காட்டி, இங்கே காலாட்களையும் வலுவான வில்லாளிகளையும் நிறுத்துங்கள், நான் சண்டையிட்டுக்கொண்டே இந்த இடத்துக்கு வருவேன், இல்லாவிட்டால் ஒருவரும் மிஞ்ச மாட்டோம் என்று கேட்டுக்கொண்டார்.

படையை நிறுத்தத்தான் செய்தார்கள். காலையில் சில மணி நேரம் காத்தும் இருந்தார்கள். அப்புறம், எதிரி ஓடிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்த வாங் ஷென், வெற்றியில் பங்கு வேண்டுமென்று படையைக் கிளப்பினார். பான் மெய்யால் தடுக்க முடியவில்லை, அவரும் போனார். யாங் யே தோற்ற செய்தி வந்ததும் பின்வாங்கிவிட்டார்கள். மதியம் முதல் அந்திவரை போரிட்டு யாங் யே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஒருவரும் இல்லை.

உங்களுக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், போய்விடுங்கள் என்று எஞ்சியிருந்த நூற்றுச்சொச்சம் பேரிடம் சொன்னார். யாரும் போகவில்லை. அவர்களில் ஒருவரான 73 வயது வாங் குய் அம்பு தீரும்வரை போரிட்டு விழுந்தார். யாங் யேவின் மகன் யான்யூவும் மாண்டார். உடலெங்கும் காயத்தோடு பிடிபட்ட யாங் யே மூன்று நாள் உண்ணாமல் இருந்து இறந்தார்.

கதை இதை எப்படி எடுத்துக்கொண்டது? பின்னால் வந்த நாடகங்களும் மிங் பேரரசுக் காலத்து நாவல்களும் சாவை மாற்றின. கதையில் அவர் லி லிங்கின் நினைவுக்கல்லில் தலையை மோதி உயிர்விடுகிறார். லி லிங் என்பவர் கி.மு. 99-ல் சியோங்னு என்ற வடக்கு நாடோடி மக்களிடம் சரணடைந்த, பழைய ஹான் பேரரசின் தளபதி. அவருக்காகப் பரிந்து பேசியதற்குத்தான் வரலாற்றாசிரியர் சிமா சியான் காயடிக்கப்பட்டார். சரணடைந்தவனின் கல்லில் தலையை மோதுவது வலிமையான காட்சிதான். ஆனால் யாங் யே தாமே ஒருமுறை சரணடைந்தவர் என்பதை அந்தக் காட்சி மூடிவிடுகிறது. வரலாற்றில் ஆறு மகன்கள் மிஞ்சிப் பதவி பெற்றார்கள். கதையோ பெரும்பாலான மகன்களை இழக்கவைத்து, விதவைகளைப் போர்க்களத்துக்கு அனுப்பியது. மு குய்யிங் என்ற வீரப்பெண்ணும் கதையில்தான் பிறந்தார். அவரை நான் மனதார நேசிக்கிறேன். பெண்கள் படை நடத்தும் அந்தக் கட்டங்களுக்காகவே இந்தக் கதை இன்னும் ஆயிரம் ஆண்டு வாழலாம்.

கதையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் பான் மெய்தான். அவரைப் பான் ரென்மெய் என்ற பெரும் துரோகியாக்கி எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டார்கள். 'வேறு எண்ணமோ' என்று கேட்ட வாங் ஷென்னைப் பலருக்கும் தெரியாமலே போயிற்று. பான் மெய் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. தலைவர் அவர், தடுத்திருக்க வேண்டும். அரசு அவரை மூன்று படி பதவி இறக்கியது, அடுத்த ஆண்டே பழைய பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வாங் ஷென் பதவி பறிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மக்களுக்கு இந்தத் தண்டனை போதவில்லை என்பது புரிகிறது. ஆனால் ஒரே ஒரு துரோகியை உருவாக்கிவிட்டால், தளபதிகளை நம்பாமல் மேற்பார்வையாளரை அனுப்பிவைத்த அரசும், மடல் எழுதிய சகாக்களும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இன்றைய பெய்ஜிங்குக்கு வடகிழக்கே உள்ள கூபெய்கோ கணவாயில் யாங் யேவுக்கு ஒரு கோயில் இருந்தது. அன்று அது லியாவின் நிலம், அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்றவர்களின் நிலம். 1089-ல் சோங் தூதராக அந்த வழியே போன கவிஞர் சூ ஜெ அங்கே ஒரு கவிதை எழுதினார். நடுநாட்டுக்காகக் குதிரையோட்டியவரை அயல்நாடு படையல் வைத்துப் போற்றுகிறது என்று வியந்த அவர், யாங் யேவைச் சாகவிட்டவர்களுக்கு உரிய தண்டனை கிடைத்தால்தான் அந்த ஆவி ஆறும் என்ற பொருளில் கவிதையை முடிக்கிறார். போர் நடந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும் சோங் அரசின் சொந்தத் தூதருக்கே கோபம் தணியவில்லை.