ஈயத் தகடும் அரை ஆயுளும்

"பெட் ஸ்கேன் வந்துவிட்டதே, பழைய காமா கேமராவை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" கதிரியக்க மருந்தை உடலுக்குள் செலுத்திப் படம் எடுக்கும், சிகிச்சை தரும் அணு மருத்துவத்தில் இருப்பவர்களிடம் பலரும் கேட்பது இது.

நியாயமான கேள்விதான். உடலுக்குள் செலுத்திய மருந்திலிருந்து காமா கதிர் எல்லாத் திசையிலும் கிளம்புகிறது. எது எங்கிருந்து வந்தது என்று தெரிய, கேமராவின் முகத்தில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் போட்ட ஈயத் தகட்டை வைக்கிறோம். நேராக வருவது நுழையும்; சாய்ந்து வருவது ஈயத்தில் முட்டி நின்றுவிடும். பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் தேறும். இந்தக் கேமராவையே உடலைச் சுற்றி வரவிட்டு முப்பரிமாணப் படம் எடுத்தால் அது ஸ்பெக்ட்.

பெட்டுக்கு அந்தத் தகடே வேண்டாம். அதன் மருந்து விடும் பாசிட்ரான் என்ற நேர்மின் துகளும் உடலிலுள்ள எலக்ட்ரானும் சந்தித்து அழியும்போது இரண்டு கதிர்கள் எதிரெதிராகப் பாய்கின்றன. இரண்டும் ஒரே கணத்தில் நோயாளியைச் சுற்றியுள்ள உணர்கருவி வளையத்தைத் தொட்டால், மருந்து அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது. கதிர் வீணாவது குறைவு, படமும் துல்லியம்.

சரி, அப்புறம் என்ன தடை? கடிகாரம்தான். பெட் மருந்தில் சேர்க்கும் ஃபுளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் உள்ள ஊரிலிருந்து வண்டி நெரிசலில் மாட்டினால் மருந்து வழியிலேயே கரையும். காமா கேமராவுக்கு அதிகம் பயன்படும் டெக்னீசியம்-99எம்முக்கு 6 மணி நேரம். சிதைந்து அதைத் தரும் தாயான மாலிப்டினம்-99க்கு 66 மணி நேரம் என்பதால், மாலிப்டினம் அடைத்த ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை வாங்கி வைத்து, காலையில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். "பால் கறப்பது" என்றே இதைச் சொல்வார்கள்.

அந்த மாடும் ஒருமுறை காலை வாரியது. 2009 மே மாதம், மாலிப்டினம்-99 தயாரித்துவந்த கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் கனநீர் கசிந்து, 2010 ஆகஸ்ட் வரை உலை மூடிக் கிடந்தது. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது. உலகமே நம்பியிருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிழட்டு உலைகளை! இதயப் படத்துக்கு மறுபடி பழைய மருந்தான தாலியம்-201ஐத் தேடினார்கள். எலும்புப் படத்துக்குச் சில இடங்களில் பெட்டுக்கே போனார்கள்.

எனக்கென்னவோ, பெட், காமா கேமரா இரண்டில் எது ஜெயிக்கும் என்ற கேள்வியே பழசாகிவிட்டது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு 2022இல் அமெரிக்கா அனுமதித்த லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்துச் சிகிச்சையைப் பாருங்கள். முதலில் கேலியம்-68 பெட் படம்: மருந்து ஒட்டிக்கொள்ளும் இலக்கு கட்டியில் இருக்கிறதா என்று தெரியும். பிறகு லுட்டீசியம். அதன் பீட்டா துகள் கட்டியைக் கொல்கிறது. கூடவே கொஞ்சம் காமாவும் வருகிறது. கட்டிக்கு எவ்வளவு போனது, சிறுநீரகம் எவ்வளவு வாங்கியது என்று கணக்கெடுக்க, நோயாளியை அந்தப் பழைய ஈயத் தகட்டுக்குக் கீழேதான் படுக்க வைக்கிறோம்.